துக்கம் விசாரித்தலும் விசாரணையும்: வன்னி மக்களின் உளம் பற்றிய ஆய்வுகளின் அறவெல்லை குறித்து

1

ஈழத்துத் தமிழ் வழக்கில் 'விசாரித்தல்' என்னுஞ் சொல் இருவேறு சூழல்களில் வழங்கி வருகிறது. செத்தவீட்டுக்குச் சென்று இழப்புற்றோருடன் இருந்து வருவதைத் 'துக்கம் விசாரித்தல்' என்கிறோம். பொலிஸ் நிலையத்திலோ படைமுகாமிலோ ஒருவரை இருத்தி வினவுவதை 'விசாரணை' என்கிறோம். எப்போது நடந்தது, எவ்விடத்தில் நடந்தது, யார் உடனிருந்தனர், குடும்பத்தில் எத்தனை பேர் எஞ்சியுள்ளனர் என்னும் வினாக்கள் ஈரிடத்தும் கேட்கப்படுவனவே. வினவுபவருக்கும் விடை கூறுபவருக்கும் இடையிலான உறவே இரண்டையும் வேறுபடுத்துகிறது. துக்கம் விசாரிக்க வந்தவர் கடமைப்பட்டவராக வருகிறார். விசாரணை செய்பவர் அதிகாரமுடையவராக அமர்ந்திருக்கிறார்.

2009ஆம் ஆண்டு சனவரி முதல் மே வரையான மாதங்களில் ஏறத்தாழ மூன்று இலட்சம் வன்னி மக்கள் கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாக முள்ளிவாய்க்கால் வரை தள்ளப்பட்டு, உயிர் எஞ்சியோர் செட்டிகுளம் மெனிக் பாம் முதலான முகாம்களில் முட்கம்பி வேலிகளுக்குள் அடைக்கப்பட்டனர். அக்காலந்தொட்டு இம்மக்களிடம் வினாக்களோடு வந்தோர் பலர். புலனாய்வாளர் வந்தனர். 2010இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு வந்தது. 2013இல் நியமிக்கப்பட்ட காணாமற்போனோர் பற்றிய ஆணைக்குழு வந்தது. 2016இல் கலந்தாலோசனைச் செயலணியும், 2018இலிருந்து காணாமற்போனோர் அலுவலகமும் வந்தன. இவர்களுக்கிடையே உள்ளூரிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் ஆய்வாளரும் வந்தனர். அவர்கள் கேட்டது மக்களின் உளத்தைப் பற்றியதாகும்.

இவ்வாய்வாளர் மேற்கூறிய இரு உறவுகளுள் எதனைச் சார்ந்து நின்றனர் என்பதே இக்கட்டுரையின் வினா. உளமருத்துவம் எமது துறையன்று; நாம் இலக்கியம் பயில்வோர். எனினும் உளம்பற்றிய ஆய்வுக்கு மூலப்பொருளாக அமைவது மனிதர் கூறும் சொல். சொல் எவருடையது, எந்நிலையில் கூறப்பட்டது, எவரை நோக்கிக் கூறப்பட்டது என ஆராய்வது இலக்கியத் திறனாய்வின் அடிப்படைப் பணிகளுள் ஒன்று. அவ்வகையிலேயே இப்பொருளை அணுகுகிறோம்.

2

மனிதர்மீது நடத்தப்படும் ஆய்வுக்கு எல்லை வேண்டும் என்னும் எண்ணம் அறிவியலாளரின் நல்லுணர்விலிருந்து தானாக முகிழ்த்ததன்று. நாசி முகாம்களிற் கைதிகள்மீது பரிசோதனை நடத்திய மருத்துவர்கள் தண்டிக்கப்பட்ட வழக்கின் பெறுபேறாக 1947இல் நூரம்பேர்க் கோவை தோன்றியது. உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கிப் பிரகடனம் 1964இல் வந்தது. அதன் பின்னரும் மீறல்கள் தொடர்ந்தன. ஐக்கிய அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை நூற்றுக்கணக்கான கறுப்பின ஆண்களின் மேகநோய் சிகிச்சையின்றி விடப்பட்டு, அதன் போக்கு அவதானிக்கப்பட்டது. பென்சிலின் கைக்கெட்டிய பின்னரும் அவர்களுக்கு அது வழங்கப்படவில்லை. கனடாவின் மொன்றியல் நகரில் 1957 முதல் 1964 வரை உளமருத்துவர் இவன் கமரோன் அமெரிக்க உளவு நிறுவனத்தின் பணத்தைப் பெற்று, தம்மை நம்பி வந்த நோயாளரின் நினைவையே அழிக்கும் பரிசோதனைகளை மேற்கொண்டார். கைதி, வறியவர், ஒடுக்கப்பட்ட இனத்தவர், நோயாளி ஆகியோரே இவ்வரலாறு முழுவதிலும் ஆய்வுக்கு ஆளாக்கப்பட்டவர்கள். அறிவுற்பத்திக்கும் உற்பத்தியுறவுகள் உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இம்மீறல்களுக்கு மாற்றாக முன்வைக்கப்பட்டது அறிந்து அளிக்கும் ஒப்புதல் என்னுங் கோட்பாடு. அதன் சிறப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் நடைமுறையில் அது இருவர் கையொப்பமிடும் ஓர் ஒப்பந்தமாகச் சுருங்கிவிட்டது. முதலாளியும் தொழிலாளியும் சந்தையிற் சமமான இருவராகச் சந்தித்து ஒப்பந்தஞ் செய்கின்றனர் என்ற தோற்றத்தின் பின்னாலுள்ள சமமின்மையை மார்க்ஸ் எடுத்துக்காட்டினார். ஒப்புதற் படிவத்திற்கும் அவ்விளக்கம் பொருந்தும். படிவத்தை நீட்டுபவரிடம் பல்கலைக்கழகமும் நிதியும் கடவுச்சீட்டும் உள்ளன. கையொப்பமிடுபவரிடம் ஒரு நிவாரண அட்டை உள்ளது. 'இல்லை' என்றால் அட்டைக்கு ஏதும் நேருமோ என்னும் அச்சம் படிவத்தில் எழுதப்படுவதில்லை. நூரம்பேர்க் கோவையின் முதற் கூறு இதனை உணர்ந்தே ஆக்கப்பட்டுள்ளது என்பது மனங்கொள்ளத்தக்கது. ஒப்புதல் அளிப்பவர் வற்புறுத்தலுக்கு ஆட்படாது தெரிவு செய்யக்கூடிய நிலையில் இருத்தல் வேண்டும் என அது கூறுகிறது. ஆகவே முதலிற் பார்க்கவேண்டியது கையொப்பமிடுபவரின் நிலை. கையொப்பம் அதற்குப் பின்னரே.

இலங்கையில் இவ்வினா 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பின்னர் கூர்மையடைந்தது. முல்லைத்தீவு உட்படக் கரையோரமெங்கும் நிவாரணத்தோடு ஆய்வும் வந்திறங்கியது. சிகிச்சை எது, ஆய்வு எது என மக்கள் பிரித்தறிய இயலாத அந்நிலை குறித்து அதுல சுமதிபாலவும் சிசிர சிறிபத்தனவும் 2005இல் லான்செற் மருத்துவ இதழில் எழுதினர். அழிவுக்குட்பட்ட மக்களிடையே ஆய்வு நடத்துவதற்குரிய நெறிகள் பற்றிப் பின்னர் நிகழ்ந்த விவாதங்களில் இலங்கையர் முன்னணியில் நின்றமை பாராட்டத்தக்கது. ஆனால் ஆழிப்பேரலை இயற்கையின் செயல். போரின் பின்னரான வன்னியில், அழிவுக்குட்பட்டோரைக் காவலில் வைத்திருந்ததே போரிட்ட ஒரு தரப்புத்தான். அறவினா அங்கு வேறொரு வடிவம் பெற்றது.

3

போரின் முடிவிற் சரணடைந்தோரும் முகாம்களிற் பிரித்தெடுக்கப்பட்டோருமாக ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டனர் என்பது அரசின் கணக்கு. வவுனியா பூந்தோட்டம் அத்தகைய நிலையங்களுள் ஒன்று. நிலையங்கள் படைத்தரப்பினரின் நிருவாகத்தில் இருந்தன. அங்கிருந்தோர் பெரும்பாலும் நீதிமன்றத்தில் குற்றவாளிகளாகக் காணப்பட்டவர்கள் அல்லர். அரச ஆவணங்கள் அவர்களைப் 'பயனாளிகள்' என அழைத்தன.

இந்நிலையங்களில் உளவியலாய்வு நடைபெற்றது. அதன் பெறுபேறுகளை டேவிட் வெபர், ஆரி குருக்லன்ஸ்கி, ரொஹான் குணரத்ன முதலியோர் இணைந்து எழுதி 2018இல் 'பொலிற்றிக்கல் சைக்கோலொஜி' என்னும் ஆய்விதழில் வெளியிட்டனர். தடுத்துவைக்கப்பட்ட பயங்கரவாதிகளின் தீவிரவாதத்தை நீக்குதல் என்பது அக்கட்டுரைத் தலைப்பின் பொருள். தடுப்பிலிருந்தோரின் தீவிரவாத மனப்பாங்கு வினாக்கொத்தின் மூலம் அளக்கப்பட்டது. புனர்வாழ்வுத் திட்டத்தை முழுமையாகப் பெற்றோரிடம் ஓராண்டின் பின்னர் அம்மனப்பாங்கு கூடுதலாகக் குறைந்திருந்தது என்பது ஒரு முடிவு. விடுதலை பெற்றோரின் தீவிரவாத அளவு, ஒப்பிடப்பட்ட சாதாரண தமிழ்ப் பொதுமக்களின் அளவைவிடக் குறைவாயிருந்தது என்பது மற்றொரு முடிவு. தன் வாழ்வுக்கு ஒரு மதிப்பைத் தேடும் வேட்கையே மனிதரை வன்முறைக்கு இட்டுச்செல்கிறது என்னுங் கோட்பாடு இம்முடிவுகளுக்கு அடிப்படையாகும்.

ஆய்வாளரின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. ஒப்புதற் படிவம் இருந்ததா என்பதும் எமது வினாவன்று. அக்கட்டுரையை ஒரு பனுவலாக வாசிக்கும்போது எழும் மூன்று வினாக்களை மட்டும் முன்வைக்கிறோம்.

முதலாவது, விடைகளின் தன்மை பற்றியது. படையினர் காக்கும் நிலையத்தில், விடுதலை நாளை எதிர்நோக்கியிருக்கும் ஒருவரிடம், தனிநாட்டுக்கான ஆயுதப் போராட்டத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர் எனக் கேட்டால் அவர் என்ன கூறுவார்? அவ்வினாத்தாள் எவர் கைக்கும் போகாது என அவருக்கு எத்தனை முறை உறுதியளித்தாலும் அவர் எதனை நம்புவார்? விடுதலையானோர் பொதுமக்களைவிடக் குறைந்த அளவே பெற்றனர் என்பதைத் திட்டத்தின் வெற்றியாகக் கட்டுரையாளர் கொள்கின்றனர். கூடுதலாகக் கண்காணிக்கப்படுபவர் கூடுதலான எச்சரிக்கையுடன் விடையளித்தார் என்றும் அதே எண்களை வாசிக்கலாம். விடுதலையான பின்னரும் அவர்களின் வீடுகளுக்குப் புலனாய்வாளர் வந்துபோனமை வன்னியில் எல்லோரும் அறிந்த செய்தி. உளம் அளக்கப்பட்டதா, அச்சம் அளக்கப்பட்டதா என்பதை இத்தகைய சூழலிற் பிரித்தறிய இயலாது. எனவே அறப்பிழை இங்கு அறிவியற் பிழையாகவும் ஆகிவிடுகிறது. அறநெறி அறிவியலின் கைகளைக் கட்டுகிறது என முறையிடுவோர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும். சுதந்திரமாகப் பேச இயலாத ஒருவரிடமிருந்து உண்மையான தரவு கிடைப்பதில்லை.

இரண்டாவது, கோட்பாடு பற்றியது. போரின் இறுதியாண்டுகளில் விடுதலைப் புலிகள் வன்னியில் வீட்டுக்கொருவர் என்று கட்டாய ஆட்சேர்ப்பு நடத்தினர். பிள்ளைகளை ஒளித்துவைக்கப் பெற்றோர் பட்ட பாட்டையும் உரிய வயது வருமுன் செய்துவைக்கப்பட்ட திருமணங்களையும் அப்பிரதேசத்தில் அறியாதார் இல்லை. 2008இல் வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட ஒரு பெண்ணின் கதையில் வாழ்வின் மதிப்பைத் தேடும் வேட்கைக்கு எங்கே இடம்? மறுபுறத்தில், தாமாக விரும்பிச் சென்றோரின் வரலாற்றில் மொழிச் சட்டமும் தரப்படுத்தலும் காணி பறிபோதலும் 1983இன் வன்செயலும் உள்ளன. இக்கோட்பாடு இரு கதைகளையும் ஒரே உளக்குறைபாடாக உருமாற்றிவிடுகிறது. சமூக முரண்பாடு தனிமனிதரின் தேவையாகச் சுருங்குகிறது. அத்தேவையை நிறைவேற்றும் நிறுவனமாகப் படைமுகாம் தோன்றுகிறது. கருத்தியலின் செயற்பாடு எனத் திறனாய்வில் நாம் குறிப்பிடுவது இதனையேயாகும்.

மூன்றாவது, பெயர் பற்றியது. நிலையத்தின் ஆவணத்தில் பயனாளியாக இருந்தவர் கட்டுரைத் தலைப்பில் பயங்கரவாதியாகிறார். 2024இல் திருத்தியமைக்கப்பட்ட ஹெல்சிங்கிப் பிரகடனம், ஆய்வுக்கு ஆட்படுவோர் என்னுங் கருத்துத் தந்த பழைய சொல்லை நீக்கிப் பங்கேற்பாளர் என்னுஞ் சொல்லை ஏற்றுக்கொண்டது. சொல் மாறியது நன்றே. ஆனால் தலைப்பிலேயே தீர்ப்பளிக்கப்பட்டுவிட்ட ஒருவர் எவ்வகையிற் பங்கேற்றார் எனக் கூறமுடியும்?

4

இதற்கு மாறான ஒரு பனுவலை அடுத்து நோக்குவோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியரான உளமருத்துவர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களின் கூட்டு மனவடு பற்றிய ஆய்வொன்றை 2010இல் வெளியிட்டார். எண்ணளவிலான ஆய்வாக அமையாத அது, பங்கேற்று அவதானித்தல், நேர்காணல், குழுக் கலந்துரையாடல் ஆகியவற்றை முறைகளாகக் கொண்டது. மக்களின் கதையாடல்கள், ஓவியங்கள், கடிதங்கள், கவிதைகள் என்பன அங்கு தரவுகளாயின. குடும்பமும் சமூகமும் ஓர் அமைப்பாகவே சிதைந்துவிட்டன என்பதும், தனியாளுக்கு அளிக்கும் சிகிச்சை அதற்குப் போதாது என்பதும் அவரது முடிவு. 1998இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவரது நூல் வடுப்பட்ட மனங்களைத் தலைப்பிற் குறித்தது; 2014இல் வந்த நூல் வடுப்பட்ட சமூகங்களைக் குறித்தது. தனியாளிலிருந்து சமூகத்தை நோக்கிய இந்நகர்வு, மேற்குறித்த வேட்கைக் கோட்பாட்டுக்கு நேரெதிரான திசையில் அமைந்துள்ளது.

இருவகை ஆய்வுகளையும் வேறுபடுத்துவது முறையியல் மட்டுமன்று. சோமசுந்தரம் 'முறிந்த பனை' நூலாசிரியர் நால்வருள் ஒருவர். இன்னொருவரான ராஜனி திராணகம 1989 செப்ரெம்பர் 21இற் கொல்லப்பட்டார். எல்லாத் தரப்பினரின் கொடுமைகளையும் எழுதிய அவ்வாய்வில், கேட்டவர் கூறியவரின் ஆபத்தைத் தாமும் பகிர்ந்துகொண்டார். ஆய்வு முடிந்ததும் விமானமேறிச் செல்லும் ஆய்வாளருக்கு அந்நிலை இல்லை.

ஆயினும் இத்தகைய பனுவலிடமும் இலக்கிய மாணவர் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு. கவிதை தரவாகும்போது கவிஞருக்கு என்ன நேர்கிறது? ஆய்வறம் பெயரை மறைக்கச் சொல்கிறது. 2010ஆம் ஆண்டின் வன்னியில் அவ்வாறு மறைப்பது உயிர்காக்கும் செயல். அதில் எமக்குக் கருத்து வேறுபாடில்லை. ஆனால் அம்மறைப்பு நிலையானதாகும்போது, ஒருவர் ஆக்கிய சொல் ஆக்கியோன் பெயரின்றி இன்னொருவரின் கட்டுரைக்குள் என்றென்றும் தங்கிவிடுகிறது. அதே போரை எழுதிய தமிழ்க்கவியின் 'ஊழிக்காலம்' 2013இல் அவர் பெயரோடு வந்தது. புனர்வாழ்வு நிலையத்திலிருந்து மீண்ட தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' அவரது மறைவின் பின்னர் 2016இல் அவர் பெயரோடு வந்தது. அவ்விரண்டாம் நூலைப் பலர் ஏற்றனர், பலர் மறுத்தனர், அது எவருடைய குரல் என்றுகூட விவாதித்தனர். அவ்விவாதம் கசப்பானதாயினும் பெயருடைய பனுவலுக்கே அது வாய்க்கும். பெயர் மறைக்கப்பட்ட கூற்றோடு எவரும் வாதிடுவதில்லை. அதனை மேற்கோள் காட்டுவதோடு நின்றுவிடுகின்றனர். கூறியவரும், நான் சொன்னது இதுவன்று எனத் திரும்பிவந்து மறுக்க வழியில்லை.

இது புதிய சிக்கலுமன்று. 1880இல் மார்க்ஸ் பிரெஞ்சுத் தொழிலாளரின் நிலையை அறிய நூறளவான வினாக்களைக் கொண்ட ஒரு வினாக்கொத்தை ஆக்கினார். தொழிலாளர் தமக்கு நேரும் கேடுகளை முழுமையாக அறிந்தவர்கள் தாமே என்பது அதன் அடிப்படை. விடையளிப்போரின் பெயர் அவர்தம் அனுமதியின்றி வெளியிடப்படாது என்னும் உறுதிமொழியும் அதிலிருந்தது. பெயரை மறைப்பதும் வெளியிடுவதும் கூறியவரின் உரிமையாகவே அங்கு அமைந்தன. ஆய்வாளர் தரும் பாதுகாப்பாக மட்டும் அதனைக் கருதும் இன்றைய நெறிகள் இவ்விடத்திற் பின்தங்கியுள்ளன எனலாம்.

இப்பகுதியை முடிக்குமுன் மற்றொரு செய்தியையும் கூறவேண்டும். போருக்குப் பிந்திய ஆண்டுகளில், வடமாகாணத்துக்கான சனாதிபதிச் செயலணி தொண்டு நிறுவனங்களின் உளசமூகப் பணிகளுக்கு அனுமதி மறுத்துவந்தது. வீடு கட்டலாம், வீதி போடலாம். மக்களை இருத்தி அவர்களின் துயரைக் கேட்கலாகாது. இதனை ஆய்வுக்கு இடப்பட்ட அறவெல்லையாக எவரும் மயங்கலாகாது. கேட்கப்படுபவரைக் காப்பதற்காக இடப்படுவது அறவெல்லை. கேட்கப்படுபவர் கூறக்கூடியதிலிருந்து ஆட்சியைக் காப்பதற்காக இடப்பட்டது அத்தடை. தடுப்பு நிலையத்தில் தீவிரவாதத்தை அளக்கும் வினாக்கொத்துக்கு இடமிருந்த அதே காலத்தில், மெனிக் பாமிலிருந்து மீண்ட தாயின் அருகே இருந்து கேட்க ஒருவருக்கு இடமிருக்கவில்லை.

5

நோய்ப்பெயர் சூட்டுவதிலும் அறவெல்லை உண்டு. நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோய் 1980இல் அமெரிக்க உளமருத்துவ வகைப்பாட்டில் இடம்பெற்றது. வியட்நாம் போரிலிருந்து மீண்ட படையினரின் போராட்டம் அதன் பின்னணியாகும். போர் முடிந்து வீடு திரும்பியவருக்கென அமைந்த அக்கருத்து, போர் முடிந்தும் வீடு திரும்பாதோருக்கு எவ்வளவு பொருந்தும்? தமிழில் 'வடு' என்பது ஆறிய புண்ணின் தழும்பு. பழிக்கும் குற்றத்துக்கும் அது பெயராவதை அகராதிகள் காட்டும். முதற் பொருளில் வடு பட்டவருக்குரியது. இரண்டாம் பொருளில் அது செய்தவரைச் சாரும். ஆய்வுகள் முதற் பொருளையே எடுத்துக்கொண்டன. இரண்டாவதை நீதிமன்றத்துக்கென விட்டுவைத்தன. நீதிமன்றமோ அதனை இன்னும் கையிலெடுக்கவில்லை.

வன்னி மக்களின் பேச்சில் உளத்துயர் உடலின் சொற்களில் வெளிப்படுவது வழக்கம். பெருமூச்சு, நெஞ்சடைப்பு, தலையிடி, ஓயாத 'யோசினை' என்பன அவை. மொழிபெயர்க்கப்பட்ட வினாக்கொத்தில் இவற்றுக்கு இடமில்லாதபோது, விடையளிப்பவர் தமது அனுபவத்தை வினாவின் அளவுக்கு வெட்டிக்கொள்கிறார். 1956இல் பிரான்ஸ் பனோன் அல்ஜீரியாவில் இதனை எதிர்கொண்டார். படங்களைக் காட்டிக் கதை கூறச்செய்யும் ஓர் ஐரோப்பிய உளச்சோதனை முஸ்லிம் பெண்களிடம் பயன்படவில்லை. குறை பெண்களின் கற்பனையிலன்று, அவர்கள் அறியாத உலகைக் காட்டிய படங்களிலேயே உள்ளது என்று தமது சகபாடியுடன் இணைந்து அவர் எழுதினார். அவ்வாண்டிலேயே அவர் பிளிடா மருத்துவமனைப் பதவியைத் துறந்தார். மனிதரைத் தம் சொந்த மண்ணிலேயே அந்நியராக்கும் ஆட்சியின் கீழ் உளமருத்துவம் செய்தல் இயலாது என்பது அவரது நிலைப்பாடு.

இன்று இவ்வினா கூர்மையாக எழுவது காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் விடயத்திலாகும். 2017 பெப்ரவரி 20இற் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்றிலில் தாய்மார் தொடர்போராட்டத்தைத் தொடங்கினர். அவ்வாண்டிலேயே வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அது பரவியது. அவர்களிற் பலர் விடை காணாமலே இறந்துவிட்டனர். காணாமையை உறுதிப்படுத்தும் சான்றிதழை வழங்க 2016இற் சட்டம் செய்யப்பட்டது. தாய்மாரிற் பலர் சான்றிதழை ஏற்க மறுத்து, தம் பிள்ளைகள் எங்கே என்றே கேட்டனர். நீடித்த துயர்க்கோளாறு என்னும் புதிய நோய்ப்பெயர், 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டிற் சேர்க்கப்பட்டது. உற்றார் ஒருவரின் சாவுக்குப் பின்னரான துயரம் ஆறு மாதத்துக்கு மேலும் வழக்கம் மீறி நீடிப்பது அதன் அடையாளங்களுள் ஒன்று. அந்நோய்ப்பெயரால் ஆறுதலும் சிகிச்சையும் பெறுவோர் உலகில் இருப்பர். ஆயின் கையால் பிடித்துப் படையினரிடம் ஒப்படைத்த மகனைத் தேடும் தாயிடம் இவ்வளவுகோலை நீட்டும் ஆய்வாளர், அவன் இறந்துவிட்டான் என்னும் முடிவைத் தம்மையறியாமலே அவர்மீது சுமத்துகிறார். அந்தியேட்டி செய்யப்படாத துயரம் நீடித்தே தீரும். தாயின் கேள்வி அரசை நோக்கியது. ஆய்வாளர் அதனை அறிகுறியாகப் பதிவுசெய்தால், அரசு கூறவேண்டிய விடையைத் தாய் பெறவேண்டிய சிகிச்சையாக மாற்றிவிடுகிறார்.

மார்க்சியர் என்ற வகையில் நாம் மறைக்கலாகாத வரலாறு ஒன்றும் இங்குண்டு. சோவியத் ஒன்றியத்தில் ஆட்சியை எதிர்த்தோருக்கு, மந்தகதியில் வளரும் மனச்சிதைவு என்னும் பெயர்சூட்டி மருத்துவமனைகளில் அடைத்தனர். அதற்கெழுந்த கண்டனத்தின் நடுவில் சோவியத் உளமருத்துவர் சங்கம் 1983இல் உலக உளமருத்துவச் சங்கத்திலிருந்து விலகியது. சோசலிசத்தின் பெயராற் செய்யப்பட்டாலும் அது குற்றமே. எதிர்ப்பை நோயாக வாசிப்பது முதலாளியத்துக்கு மட்டும் உரிய வழக்கமன்று. தன்னிடம் வினவப்படுவதை விரும்பாத எந்த ஆட்சிக்கும் அது பயன்படும்.

6

இனி, தொடங்கிய இடத்துக்கே திரும்புவோம். செத்தவீட்டில் துயரைக் கூறுவதற்கும் கேட்பதற்கும் நம் மக்களிடம் ஒரு முறைமை உண்டு. ஒப்பாரி சொல்லும் பெண் தான் விரும்பும்போது தொடங்குகிறாள், விரும்பும்போது நிறுத்துகிறாள். துக்கம் விசாரிக்க வந்த பெண் அவளைக் கட்டிக்கொண்டு தானும் அழவேண்டும். தன் இழப்பையும் அதிற் சேர்த்துச் சொல்லலாம். கேட்டுவிட்டுச் சும்மா எழுந்து போதல் முறையன்று. எட்டுக்கும் அந்தியேட்டிக்கும் மீண்டும் வரவேண்டும். நாளை தன் வீட்டில் துயர் நேர்ந்தால் இவள் வருவாள் என்னும் ஒப்புரவும் அதிலுண்டு. இதனைப் பழம்பெருமையாக நாம் போற்றவில்லை. சாதி வேலிகளும் ஆண் பெண் வேலிகளும் அம்முறைமையுள் உள்ளமை தெரிந்ததே. ஆயினும் கேட்பவர் கடமைப்பட்டவர் என்னும் நெறி அதன் நடுவில் உள்ளது. ஒப்புதற் படிவத்திற் காணப்படாதது அதுவேயாகும்.

ஆய்வு செய்யாதிருப்பதே அறம் என்பது எமது முடிவன்று. 2010இன் அவ்வாய்வு எழுதப்படாதிருந்தால் அக்காலத்து வன்னியின் உளநிலைக்கு இன்று சான்று குறைந்திருக்கும். நலிந்த மக்களை ஆய்விலிருந்து விலக்குவதாலும் தீங்கு நேரலாம் என்பதை 2024ஆம் ஆண்டின் பிரகடனமும் ஏற்கிறது. நாம் வேண்டுவன மூன்று. தடுப்பிலும் கண்காணிப்பிலும் உள்ள ஒருவரிடம் அவரது அரசியற் கருத்தை அளக்கும் ஆய்வு, படிவம் எத்துணை செம்மையாக இருப்பினும் நடத்தப்படலாகாது. கூறியவர் தம் கூற்றைத் திரும்பப் பெறவும், திருத்தவும், காலம் மாறியபின் அதற்குத் தம் பெயரை இடவும் உரிமை பெறவேண்டும். ஆய்வின் முடிவு ஆங்கில இதழில் வெளிவருமுன்னரோ உடனோ தமிழில் அம்மக்கள் முன் வைக்கப்பட்டு, அவர்கள் மறுத்தால் மறுப்பும் சேர்த்து அச்சிடப்படவேண்டும்.

இவற்றை நிறைவேற்றும் நிறுவனங்கள் இன்று தொலைவில் இல்லை. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் கிளிநொச்சியில் இயங்குகின்றன. வன்னியின் பிள்ளைகளே இனி வன்னியை ஆராயப்போகின்றனர். உள்ளூரார் என்பதால் மட்டும் அவர்களின் கேள்வி துக்கம் விசாரித்தலாகிவிடாது. பட்டத்துக்காகவும் பதவியுயர்வுக்காகவும் வீடுவீடாகக் கொண்டுசெல்லப்படும் வினாக்கொத்து, கொண்டுசெல்பவர் அயலூராராயினும் ஒரு வகை விசாரணையே. தமிழ்ச் சங்கத்தின் இதழில் இதனை எழுதுவதற்கும் அதுவே காரணம். வாய்மொழி இலக்கியம் சேகரிப்பதற்காக ஒலிப்பதிவுக் கருவியோடு கிராமங்களுக்குச் செல்லும் எம் துறையினரையும் இவ்வினா சேர்த்தே தொடும். பாடியவரின் பெயரை நாம் எத்தனை தொகுப்புகளில் எழுதியிருக்கிறோம்? அச்சான தொகுப்பை எத்தனை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறோம்? உளமருத்துவரிடம் இவ்வினாக்களைத் தொடுக்குமுன் அவற்றுக்கு நாம் விடை கூறியாக வேண்டும்.